திமிங்கிலமும் கிணறும்: பழைய ட்ரெயில் பைக்கின் கியர் ஒயிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு

போன வருசம் எங்கள் குழுவின் கைக்கு ஒரு பழைய யமஹா டிரி 125 வந்து சேர்ந்தது. நண்பன் ஒருவனின் மாமா வெளிநாடு போகும்போது கொட்டிலுக்குள் சாத்திவிட்டுப் போனது. ரயர் வெடித்து, தாங்கி கறள் பிடித்து, சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் சனி ஞாயிறுகளில் மாறி மாறி வேலை செய்தோம். காபரேற்றரைக் கழுவி, பிளக் மாற்றி, புகையும் சத்தமுமாக அது ஸ்ரார்ட் ஆன நாளில் அயலட்டை முழுக்க வந்து பார்த்தது.

அடுத்தது கியர் ஒயில். பழையது கறுத்து, தார் மாதிரி இறங்கியது. புதிதாக நல்லது விடவேண்டும் என்று கடையில் இருந்ததிலேயே விலைகூடிய போத்தலை வாங்கினோம். காருக்கான ஒயில். எரிபொருளைச் சேமிக்கும் என்று போத்தலிலேயே போட்டிருந்தது. நல்ல சாமான்தானே என்று விட்டோம்.

மூன்றாம் நாள் மணற்காட்டுக்குப் போனோம். சவுக்கந்தோப்பைத் தாண்டி மணலுக்குள் இறங்கி அக்சிலேற்றரை முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, பைக் நகரமாட்டன் என்கிறது. கியர் விழுந்திருக்கிறது, செயின் இருக்கிறது, சில்லு மட்டும் சுத்தவில்லை. தள்ளிக்கொண்டுதான் ரோட்டுக்கு வந்தோம். அடுத்த நாள் வயதான ஒரு மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்பனரைத் தொடமுதல் ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்ன ஒயில் விட்டனீங்கள்?"

"நல்ல கார் ஒயில் அண்ணை."

"கார் எஞ்சினுக்கு அது மருந்து தம்பியவை. இந்தக் கிளச்சுக்கு அது விசம்."

ஒரே போத்தல் ஒன்றுக்கு மருந்தாகவும் இன்னொன்றுக்கு விசமாகவும் எப்படி இருக்கமுடியும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்கியது. தேடிப் படித்துக்கொண்டு போகப்போக, கியர் ஒயிலின் கதை எஞ்சினோடு நிற்கவில்லை. கடலுக்குள்ளும் போனது, கடைசியில் எங்கட கிணற்றடிக்கும் வந்து நின்றது.

ஒரு எஞ்சின், இரண்டு அறை

முதலில் பொறிமுறையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். ரோட்டில் ஓடும் சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒயில்தான். பிஸ்ரன், கிராங், கியர், கிளச் எல்லாம் ஒரே குளத்தில்தான் குளிக்கின்றன. டூ ஸ்ட்ரோக் அப்படியில்லை. அங்கே பெற்றோலும் காற்றும் கலந்த கலவை கிராங் இருக்கும் அறைக்குள்ளால் போய்த்தான் மேலே ஏறுகிறது. ஆகவே கிராங் அறையில் ஒயிலைத் தேக்கிவைக்க முடியாது. பெற்றோலோடு கலந்துவரும் டூ ரி ஒயில்தான் பிஸ்ரனையும் கிராங் பேரிங்குகளையும் நனைக்கிறது, பிறகு எரிந்து புகையாகப் போய்விடுகிறது. கையால் அளந்து கலக்கும் கரைச்சலை இல்லாமல் செய்ய, ஒயிலைத் தனித் தாங்கியில் இருந்து பம்ப் பண்ணும் ஒட்டோலூப் முறையை யமஹா 1964இல் கொண்டுவந்தது.

கியர்களும் கிளச்சும் பக்கத்து அறையில் இருக்கின்றன. இடையில் ஒரு சுவரும், கிராங்கின் முனையைச் சுற்றி ஒரு ரப்பர் சீலும். அந்த அறைக்குத் தனி ஒயில். ஒரு லீற்றருக்கும் குறைவான அந்தக் கொஞ்ச ஒயிலிடம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் வழுக்கவைக்க வேண்டும். அதே நேரம் அதற்குள்ளேயே நனைந்து கிடக்கும் கிளச் பிளேட்டுகளை வழுக்கவிடக் கூடாது. கிளச் என்பதே உராய்வை நம்பி இருக்கிற சாமான். பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் எஞ்சினின் சக்தி சில்லுக்குப் போகும்.

நாங்கள் விட்ட கார் ஒயில் முதல் வேலையைத் திறமாகச் செய்தது. இரண்டாவது வேலையில்தான் கவிழ்த்துவிட்டது.

பாலைவனத்தில் தொடங்கியது

1960களின் நடுப்பகுதிவரை மண்ணில் ஓடும் பைக்குகளில் இரண்டு வகைதான் பெரும்பாலும் இருந்தன. ஒன்று, பிரித்தானியாவின் பாரமான ஃபோர் ஸ்ட்ரோக்குகள். மற்றது, ஐரோப்பாவின் இலேசான டூ ஸ்ட்ரோக்குகள். சுவீடனின் ஹஸ்க்வர்ணா, செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட், ஸ்பெயினின் புல்ராக்கோ, மொன்ரேசா, ஜேர்மனியின் மைக்கோ. 1966இல் ஹஸ்க்வர்ணா ஓட்டுநர் ரோர்ஸ்ரன் ஹால்மன் அமெரிக்காவுக்குப் போய் அங்கிருந்தவர்களின் முன்னால் ஓடிக் காட்டினார். 250 சிசி பிரிவில் நான்குமுறை உலகச் சம்பியனானவர் அவர். பாரமான பைக்குகளோடு மாரடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வேறொரு உலகமாக இருந்தது.

யமஹா இதைக் கவனித்தது. 1968இல் டிரி-1 சந்தைக்கு வந்தது. 246 சிசி, ஒற்றைச் சிலிண்டர், ஐந்து கியர். ரோட்டிலும் ஓடலாம், காட்டிலும் ஓடலாம், சாதாரண ஆளும் வாங்கலாம். எங்கட கொட்டிலில் கிடந்த டிரி 125 அதன் பரம்பரைதான். 1970இல் ஜோயல் ரொபேர் சுசுகியில் ஓடி 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். யப்பானியப் பைக் ஒன்று வென்ற முதலாவது மோட்டோகிரொஸ் உலகப் பட்டம் அது. 1971இல் புரூஸ் பிரவுனின் 'ஒன் எனி சன்டே' ஆவணப்படம் வந்தது. சினிமா நட்சத்திரம் ஸ்ரீவ் மக்குயீன் அதில் புழுதிக்குள் உருண்டு பிரண்டார். ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே பெயரெடுத்த ஹொண்டாகூட 1973இல் எல்சினோர் என்ற டூ ஸ்ட்ரோக்கோடு களத்துக்கு வந்தது. இன்றைக்கு விண்டேஜ் என்று நாங்கள் கொண்டாடுகிற பைக்குகள் பெரும்பாலும் இந்தப் பத்துப் பதினைந்து வருசத்துக்குள் பிறந்தவை.

இந்தப் பைக்குகளின் கியர் அறைக்கு என்ன விடுவது என்பதில் கம்பனிகளே ஒத்துப்போகவில்லை. ஒரு மனுவல் எஞ்சின் ஒயில் 10டபிள்யூ-30 என்று சொல்லும். இன்னொன்று கியர் ஒயில் 80 என்று சொல்லும். இந்த இலக்கங்களில் நாங்களும் ஏமாந்தோம். 80 என்றால் 30ஐவிட இரண்டரை மடங்கு தடிப்பு என்று நினைத்தோம். அப்படியில்லை. எஞ்சின் ஒயிலுக்கு ஒரு அளவுகோல், கியர் ஒயிலுக்கு வேறொரு அளவுகோல். இரண்டையும் வகுத்தது எஸ்ஏஈ என்ற அதே அமெரிக்கப் பொறியியலாளர் அமைப்புத்தான். ஒரு மரத்தை அடியாலும் மீற்றராலும் அளப்பதுபோல. கியர் ஒயில் 80, ஏறத்தாழ எஞ்சின் ஒயில் 20, 30இன் பக்கத்தில் நிற்கும். கியர் ஒயில் 90, எஞ்சின் ஒயில் 40, 50இன் பக்கத்தில் நிற்கும். இரண்டு மனுவல்களும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே தடிப்பைத்தான்.

திமிங்கிலம் எங்கே வந்தது?

போட்டிக்காரர் எந்தக் காலத்திலும் மனுவலோடு நிற்பவர்கள் இல்லை. அமெரிக்காவில் பலர் தங்கட பைக்குகளின் கியர் அறைக்குக் காரின் ஒட்டோமெற்றிக் கியர் ஒயிலை விட்டார்கள். ஏடிஎஃப் என்று சொல்லும் அந்தச் சிவப்பு ஒயில். மெல்லியது, ஆகவே கியர்கள் இலகுவாகச் சுத்தும். ஒட்டோமெற்றிக் கியருக்குள்ளும் ஒயிலில் நனைந்த கிளச் பிளேட்டுகள்தான் இருக்கின்றன. அதற்கெனச் செய்த ஒயில் பைக் கிளச்சுக்கும் சரிவரும் என்பது அவர்களின் கணக்கு.

ஆனால் ஏடிஎஃபிலும் இரண்டு சாதி இருந்தது. ஃபோர்ட் கம்பனியின் ரைப் எஃப் வகையில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இல்லை. கிளச் 'டக்'கென்று பிடிக்கும். ஜெனரல் மோட்டர்ஸின் டெக்ஸ்ரோன் வகையில் அந்தச் சேர்மானம் இருந்தது. காரில் போகிறவருக்குக் கியர் மாறுவது தெரியாமல் மெதுவாக மாறவேண்டுமே. டேர்ட் பைக்காரருக்கு மெதுவாக மாறுவது தேவையில்லை, பிடிக்கவேண்டும். அதனால்தான் அவர்கள் ரைப் எஃபைத் தேடினார்கள். பழைய பைக் வைத்திருப்பவர்கள் பலர் இன்றைக்கும் அதைத்தான் விடுகிறார்கள்.

மற்ற வகைக்கு அந்த வழுவழுப்பு எங்கேயிருந்து வந்தது? 1960களில் அதைக் கொடுத்தது எண்ணெய்த் திமிங்கிலம். அம்பர் கிடைப்பதும் இதே திமிங்கிலத்தில் இருந்துதான். அதன் பெரிய தலைக்குள் இருக்கும் எண்ணெய் உண்மையில் ஒரு திரவ மெழுகு. சூட்டிலும் அழுத்தத்திலும் இலகுவில் சிதையாது, உலோகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கெரிக்கவும் மெழுகுதிரி செய்யவும் அந்த மிருகங்களைக் கொன்றார்கள். பெற்றோலியம் வந்ததோடு திமிங்கிலம் தப்பியது என்றுதான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் பெற்றோலியம் கொண்டுவந்த காரின் கியர்ப் பெட்டிக்குள்ளேயே திமிங்கிலம் திரும்பவும் போய்ச்சேர்ந்தது.

1970இல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கிலத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த எண்ணெயின் இறக்குமதி நின்றது. ஒயில் கம்பனிகள் ஆய்வுகூடத்தில் மாற்று தேடின. பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதையில் கிட்டத்தட்ட அதே மாதிரியான திரவ மெழுகு இருப்பதால் அதன் பக்கமும் கண் போனது. 1970களில் புதிய சேர்மானங்களோடு ஏடிஎஃப் திரும்ப வந்தது. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்துவதற்கான சர்வதேச முடிவு வர 1982 ஆயிற்று.

அந்தக் காலத்தில்தான் டியூலிப் என்ற பாய்மரப் படகில் ஆய்வாளர்கள் இலங்கைக் கடலுக்கு வந்து, திருகோணமலைப் பக்கம் எண்ணெய்த் திமிங்கிலங்களின் பின்னாலேயே போய் அவற்றின் சத்தத்தைப் பதிவுசெய்தார்கள். திருகோணமலையில் இன்றைக்கும் படகில் போய் அவற்றைப் பார்க்கிறோம். ஒரு காலத்தில் கியர் ஒயிலுக்காக இவற்றின் இனத்தைக் கொன்றார்கள் என்று அந்தப் படகில் யாரும் சொல்வதில்லை.

கார் ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம்

1980கள்வரை நல்ல கார் எஞ்சின் ஒயிலைப் பைக்குக்கு விட்டால் பெரிய பிழை வராது. பழைய மனுவல்கள் சாதாரண எஞ்சின் ஒயிலைச் சொன்னது அதனால்தான். 1990களில் நிலைமை மாறியது. எரிபொருளைச் சேமிக்கவேண்டும், புகையைக் குறைக்கவேண்டும் என்ற சட்டங்கள் இறுகின. கார் ஒயில் செய்பவர்கள் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கூட்டினார்கள். புகைபோக்கியில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைப் பழுதாக்கும் என்பதால் பொஸ்பரஸைக் குறைத்தார்கள். பற்களைத் தேய்வில் இருந்து காத்துவந்ததும் அந்தப் பொஸ்பரஸ் சேர்மானந்தான். காருக்கு நல்ல செய்தி. நனைந்த கிளச் வைத்திருக்கும் பைக்குக்குக் கெட்ட செய்தி.

கிளச் வழுக்கும் முறைப்பாடுகள் கூடவே, யப்பானியர்கள் 1990களின் கடைசியில் பைக்குக்கெனத் தனி அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். ஜாசோ எம்ஏ என்று போத்தலின் பின்பக்கத்தில் சின்னப் பெட்டிக்குள் அச்சடித்திருப்பார்கள். கிளச் பிடிக்கும் என்பதுதான் அதன் பொருள். எம்பி என்று போட்டிருந்தால் அது உலர்ந்த கிளச் உள்ள ஸ்கூட்டர்களுக்கானது. நாங்கள் வாங்கிய விலைகூடிய போத்தலில் இரண்டும் இருக்கவில்லை.

மண்ணெண்ணெய்க் காலம்

மெக்கானிக் அண்ணை கிளச் பிளேட்டுகளைக் கழற்றிக் கழுவிக்கொண்டே பழைய கதை சொன்னார். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வராது. பைக்குகள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கட அப்பாமார் எல்லோரிடமும் இந்தக் கதை இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு ஒயில் கதையும் இருப்பதை அன்றைக்குத்தான் கேட்டோம்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர்ச் சுவரால் வழிந்து, பிஸ்ரன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கீழே இருப்பது என்ன? எஞ்சினும் கியரும் கிளச்சும் சேர்ந்து குளிக்கும் அதே ஒயில். நாள் போகப்போக ஒயில் தண்ணியாகிவிடும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த மண்ணெண்ணெய் கிராங் அறையோடு நின்றுவிடும். சீல் நல்லாயிருக்கும்வரை பக்கத்து அறையின் கியர் ஒயில் தப்பும்.

"ஒயிலும் லேசில கிடையாது," என்றார் அண்ணை. "கழற்றின ஒயிலைப் போத்தலில ஒரு கிழமை அடையவிட்டு, மேலால தெளிஞ்சதைத் துணியில வடிச்சுத் திரும்ப விட்டிருக்கிறம். ஒயிலை மணந்து பார்த்தே இது இன்னும் எத்தனை நாள் ஓடும் எண்டு சொல்லுவம்." பாலைவனத்தில் சிலர் இன்னும் வேகமாகப் போவதற்காக ஒயிலைப் பரிசோதித்தார்கள். இங்கே ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வருவதற்காகப் பரிசோதித்தார்கள். வண்டி வரலாறு எழுதுபவர்கள் முதலாவதைத்தான் எழுதுகிறார்கள்.

எதை விடுவது, எப்படி மாற்றுவது

இவ்வளவும் படித்தபின் எங்கட பைக்குக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இதுதான். பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருக்கும் யாருக்கும் உதவும்.

முதலில் மனுவலின் தடிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் 10டபிள்யூ-30 அல்லது அதற்குச் சமமானது. ஜாசோ எம்ஏ என்று போட்ட பைக் ஒயில் அந்தத் தடிப்பில் இருந்தால் அதுவே போதும். மனுவல் கியர் ஒயில் கேட்டால் பைக் கிளச்சுக்கென்று சொல்லி விற்பதை வாங்குங்கள். லொறியின் பின் டிஃபரன்ஷலுக்கு விடும் ஜிஎல்-5 வகை வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் உருக்குப் பற்களைக் காக்கும், ஆனால் பழைய பைக்குகளில் இருக்கும் வெண்கலப் புஷ்களைச் சூட்டில் அரித்துவிடலாம். டூ ரி ஒயிலைக் கியர் அறைக்கு விடவேண்டாம். அது எரிந்துபோவதற்காகச் செய்தது, பற்களுக்கிடையில் நசிவதற்காகச் செய்ததல்ல.

மாற்றமுதல் பைக்கைப் பத்து நிமிசம் ஓட்டிச் சூடாக்குங்கள். சூட்டில்தான் அடியில் தங்கிய அழுக்கும் சேர்ந்து இறங்கும். சமதரையில் நேராக நிறுத்திக் கீழே தட்டம் வையுங்கள். மேல் மூடியைத் திறந்துவிட்டு அடி போல்ட்டைக் கழற்றுங்கள். வரும் ஒயிலைச் சும்மா ஊற்றிவிடாமல் வடிவாகப் பாருங்கள். அது பைக்கின் இரத்தப் பரிசோதனை. சாம்பல் நிறத்தில் மிக நுண்ணிய தூள் இருந்தால் வழமையான தேய்மானம். விரலில் குத்தும் துண்டுகள் வந்தால் கியர்ப் பல் உடைகிறது. தேத்தண்ணிக்குப் பால் விட்டமாதிரி வெளுத்திருந்தால் தண்ணி போயிருக்கிறது. வெள்ளத்துக்குள்ளால் ஓடியிருப்பீர்கள், அல்லது காற்றுக் குழாய் கழன்றிருக்கும். பெற்றோல் மணந்து அளவும் கூடியிருந்தால் கிராங் சீல் போய்விட்டது. அளவு குறைந்துகொண்டே போக, புகைபோக்கியால் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அதே சீல்தான். எஞ்சின் கியர் ஒயிலை உறிஞ்சிக் குடிக்கிறது.

போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது புது வொஷர் போடுங்கள். அதன் விலை சில ரூபாதான். கை பலத்தைக் காட்டவேண்டாம். அடிப்பெட்டி அலுமினியம், புரி கழன்றால் செலவு பெரிது. மனுவல் சொன்ன அளவை அளந்து விடுங்கள். கூட விட்டால் காற்றுக் குழாயால் கக்கும், கிளச்சும் கரைச்சல் தரும். ஸ்ரார்ட் பண்ணிச் சில நிமிசம் ஓடவிட்டு, நிறுத்தி, அளவைத் திரும்பப் பாருங்கள். பற்களுக்கிடையில் நசிந்து நசிந்து ஒயிலின் தடிப்பு குறைந்துகொண்டே போகும் என்பதால், மலிந்த ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது, விலைகூடிய ஒயிலை மறந்துபோய் வருசக்கணக்காக வைத்திருப்பதைவிட நல்லது.

எங்கட பைக்கின் பிளேட்டுகள் தப்பிவிட்டன. கழுவி, சரியான ஒயில் விட்டு, போன மாதம் திரும்பவும் மணற்காட்டுக்குப் போனோம். இந்தமுறை தள்ளவில்லை.

கழற்றிய ஒயில் எங்கே போகிறது?

கடைசியாக ஒரு விசயம் மிஞ்சியிருந்தது. தட்டத்தில் கிடந்த கழிவொயில். முதல்முறை மாற்றியபோது என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தோம். பாதியை வேலிக் கட்டைக்குக் கறையானுக்காகப் பூசினோம். மீதியைக் கோடிப்பக்கம் ஊற்றினோம். எல்லோரும் செய்வதுதானே.

யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணக்கல். வருசம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. மாரிமழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி நிலத்தடியில் தேங்குவதைத்தான் குடிக்கிறோம். மேலே ஊற்றுவதும் அதே வெடிப்புகளால்தான் கீழே போகும். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை எங்கட வயதுக்காரர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தண்ணிக்காகச் சனம் பவுசருக்குப் பின்னால் வரிசையில் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கே மின்நிலையம் நடத்திய கம்பனி 20 மில்லியன் ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அந்த நேரம் நாங்களும் கோபப்பட்டோம், எழுதினோம், பதாகை பிடித்தோம். அதே நாங்கள்தான் கோடிப்பக்கம் அரை லீற்றர் ஊற்றியிருக்கிறோம். எங்கட கோடியில் இருந்து கிணறு முப்பது அடி இருக்காது.

பெரிய கம்பனி ஊற்றியதும் நாங்கள் ஊற்றியதும் ஒன்றென்று சொல்லவரவில்லை. ஆனால் கல்லுக்கு ஆளைத் தெரியாது. ஒரு கராச்சில் ஒரு நாளைக்கு எத்தனை பைக்குக்கு ஒயில் மாற்றுகிறார்கள், ஒரு ஊரில் எத்தனை கராச் என்று கணக்குப் பார்த்தால் பயம்தான் வருகிறது.

இப்போது எங்கட கொட்டிலில் மூடி இறுக்கிய ஒரு கான் இருக்கிறது. கழற்றும் ஒயில் எல்லாம் அதற்குள்தான் போகிறது. நிறைந்ததும் கழிவொயில் சேர்த்து எடுக்கும் கராச்சில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பிந்தித்தான் தொடங்கினோம். உங்கட வீட்டில் பைக் நின்றால், அடுத்தமுறை ஒயில் மாற்றும்போது போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். மாற்றிக் கொடுப்பவரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "அண்ணை, கழட்டினதை எங்க ஊத்துறனீங்கள்?"